22 வயதில் எளிது, 28 வயதில் கடினம்: துறை மாறி மென்பொருள் வேலைக்கு வருபவர்களின் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலைகளிலும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் கம்பெனிகளிலும் நான்கைந்து வருடம் வேலை பார்த்த மெக்கானிக்கல் இன்ஜினியர்களிடம் பேசிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு ஐ.டி.க்கு மாறுவதில் வந்து நிற்கும். அதே கல்லூரியில் அதே மெக்கானிக்கல் படித்த நண்பன் கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனிக்குத் தேர்வாகி ஓ.எம்.ஆரில் உட்கார்ந்திருப்பான். இவர் 'போனா கோர்லதான் போவேன்' என்று, படித்த துறையிலேயே வேலை வேண்டும் என்று இருந்தவர். இப்போது வாரம் ஒரு ஷிஃப்ட் என்று வேலை பார்த்துவிட்டு, அறைக்கு வந்து யூடியூபில் பைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார். கல்லூரி முடித்த அன்று இருவருக்கும் புரோகிராமிங் ஒரே அளவுதான் தெரியும். அதாவது, கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. அவனுக்கு அவ்வளவு சுலபமாக நடந்தது இவருக்கு மட்டும் ஏன் இத்தனை கஷ்டம்?

இன்ஸ்டிடியூட்காரர்களைக் கேட்டால், 'ஸ்கில்தான் சார் குறை, மூன்று மாதம் ஃபுல் ஸ்டாக் படித்தால் சரியாகிவிடும்' என்பார்கள். அதில் பாதிகூட உண்மை இல்லை. புரோகிராமிங் கற்பது சிரமம்தான், மறுக்கவில்லை. ஆனால் துறை மாறுபவர் படும் பாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம், ஐ.டி. கம்பெனிகள் பணம் சம்பாதிக்கும் முறை. அது தெரியாமல் ஒரு வருடம் ராப்பகலாகப் படித்து, நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் போட்டு, ஒரு பதிலும் வராமல் 'நமக்கு இது வராதுபோல' என்று விட்டவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குப் புரோகிராமிங் நன்றாகவே வந்தது.

வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டிய துறை

துறை மாறி மென்பொருளுக்கு வருவதை ஏதோ இந்தக் காலத்துத் துணிச்சல்போலப் பேசுகிறோம். இந்தியாவின் ஐ.டி. துறையே அப்படி மாறி வந்தவர்களால் வளர்ந்ததுதான். 1980களில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு சில கல்லூரிகளில்தான் இருந்தது. 1981-இல் தொடங்கிய என்.ஐ.ஐ.டி., 1986-இல் தொடங்கிய ஆப்டெக் போன்ற பயிற்சி நிறுவனங்கள் அந்த இடைவெளியில் புகுந்தன. பி.காம்., பி.எஸ்சி. படிக்கும் பையன்களும் பெண்களும் மாலையில் அங்கே போய் டிப்ளமோ வாங்கினார்கள். ஊருக்கு ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம் அது.

1990களின் கடைசியில் ஒய்-டூ-கே வந்தது. அமெரிக்க வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் ஓடிக்கொண்டிருந்த பழைய கோபால் (COBOL) மொழிப் புரோகிராம்களில் வருடத்தை இரண்டு இலக்கத்தில் மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். 2000 பிறந்தால் 00 என்பது 1900-ஆ 2000-ஆ என்று மெஷினுக்குக் குழம்பிவிடும். லட்சக்கணக்கான வரிகளை உட்கார்ந்து படித்துத் திருத்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். சிவில் படித்தவரா, டெக்ஸ்டைல் படித்தவரா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

எம்.சி.ஏ. படிப்பை எடுத்துக்கொண்டாலும் அதே கதைதான். இயற்பியல், கணிதம், கணக்குப் பாடத்தோடு வணிகவியல் என்று எந்தப் பட்டம் வாங்கியவரும் டான்செட் நுழைவுத்தேர்வு எழுதி உள்ளே போகலாம். அரசே முத்திரை குத்தித் தந்த துறைமாற்ற வழி என்று அதைச் சொல்ல வேண்டும். முன்பு மூன்று ஆண்டு. 2020-21 கல்வியாண்டிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். விப்ரோ இன்னொரு வழி வைத்திருந்தது. 1995 முதல் பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, உதவித்தொகை கொடுத்து, பிலானியின் பிட்ஸ் மூலம் எம்.எஸ். படிக்க வைத்தது.

2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் 500-ஐத் தாண்டின. ஐ.டி. கம்பெனிகளுக்கு வேண்டிய தலைகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பறைகளில் மட்டும் இல்லை. ஆகவே 'எந்தப் பிரிவானாலும் வரலாம்' என்றார்கள். தேர்வானவர்களை இன்ஃபோசிஸ் மைசூருவுக்கும் டி.சி.எஸ். திருவனந்தபுரத்துக்கும் அனுப்பி, சில மாதம் தங்க வைத்து, ஜாவாவோ மெயின்ஃபிரேமோ கற்றுக்கொடுத்து, மாதாமாதம் சம்பளமும் கொடுத்தன. தெர்மோடைனமிக்ஸ் படித்த பையனைப் புரோகிராமராக்கும் செலவைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டது. உலகத்தில் நடந்த மிகப் பெரிய துறைமாற்றத் திட்டங்களில் இது ஒன்று என்பேன். அதை யாரும் அந்தப் பெயரில் அழைக்காததால், மைசூரு போய்வந்த மெக்கானிக்கல்காரர் தன்னைத் துறை மாறியவராக நினைப்பதே இல்லை. 28 வயதில் முட்டி மோதும் நண்பரிடம் 'ஒழுங்காப் படிச்சா கிடைச்சிடும்டா' என்று அவர் அறிவுரை வேறு சொல்வார்.

அந்தத் திட்டத்துக்கு நிபந்தனைகள் உண்டு. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம். அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது. படிப்பில் ஓரிரு வருடத்துக்கு மேல் இடைவெளி கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வருடம் பாஸ் அவுட் ஆனவராக இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் விஷயமே.

பில்லிங் போடும் கணக்கு

டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற சேவை நிறுவனங்கள் விற்பது மென்பொருளை என்பதைவிட ஆட்களின் நேரத்தை என்று சொல்லலாம். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஒப்பந்தம் போடும்போது, இந்த வேலைக்கு ஐந்து வருட அனுபவமுள்ள ஜாவா ஆள் இருவர், மூன்று வருட ஆள் நால்வர், புதியவர்கள் பத்துப் பேர் என்று கணக்குக் காட்டி, அனுபவத்துக்கு ஏற்ற மாதிரி ஆளுக்கொரு விலை வைப்பார்கள். அந்தத் துறையில் இதற்குப் பிரமிட் என்று பெயர். அடித்தட்டில் குறைந்த சம்பளத்தில் இளைஞர்கள், மேலே போகப்போக ஆட்கள் குறைவு, விலை அதிகம். லாபம் பெரும்பாலும் அடித்தட்டிலிருந்து வருகிறது. அதனால்தான் புதியவர்களின் சம்பளம் 2010-ஐ ஒட்டி ஆண்டுக்கு மூன்று லட்சத்துச் சொச்சமாக இருந்தது, விலைவாசி எங்கேயோ போன பிறகும் மூன்றரை லட்சம் பக்கமே நின்றது. 2024-இல் காக்னிசன்ட் 2.52 லட்சத்துக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி வந்து இணையம் கொதித்தது. பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கான சம்பளம் அது என்று கம்பெனி விளக்கம் தந்தது. விளக்கம் சரிதான், தொகை அப்படியேதான்.

இப்போது 28 வயதுக்காரரை இந்தப் பிரமிடில் எங்கே வைப்பது? அடித்தட்டில் வைக்கலாம் என்றால் அவர் அந்த வருட பேட்ச் இல்லை. கல்லூரிக்குப் போய் ஒரே நாளில் இருநூறு பேரைத் தேர்வு செய்யும் ஏற்பாட்டில் தனி ஆளாக வருபவருக்கு இடமே கிடையாது. நடுத்தட்டில் வைக்கலாம் என்றால் வாடிக்கையாளர் கேட்பது 'ஜாவாவில் மூன்று வருடம்'. இவருடைய ஐந்து வருட அனுபவம் பிரேக் டிரம் அளந்ததிலும் லைன் நிற்காமல் பார்த்துக்கொண்டதிலும் போயிருக்கிறது. அந்த அனுபவத்துக்குப் பில் போட முடியாது. ஹெச்.ஆர். அகராதியில் அது 'ரெலவென்ட்' இல்லை. அறிவாளியா, உழைப்பாளியா என்ற கேள்விக்குப் போவதற்கு முன்பே, விண்ணப்பத்தை வடிகட்டும் சாஃப்ட்வேர் 0 வருடம் என்று பார்த்து ஒதுக்கிவிடும்.

கல்வித் தகுதி பிரச்சினை, வயது பிரச்சினை என்று நாம் பேசுவதெல்லாம் இந்தக் கணக்கின் நிழல்தான். பில்லிங் இல்லாத கம்பெனிகளில் நிலைமை வேறு என்பதே இதற்குச் சாட்சி. சொந்தமாக மென்பொருள் செய்து விற்கும் ஜோஹோவுக்கு, ஆள் எத்தனை வருட அனுபவம் என்று வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய அந்தக் கம்பெனி, பன்னிரண்டாவதும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளைத் தன் ஜோஹோ பள்ளியில் உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைத்து வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. அதன் நேர்காணலில் உட்கார வைத்து மணிக்கணக்கில் புரோகிராம் எழுதச் சொல்வார்கள் என்பது சென்னையில் வேலை தேடும் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் 2010-இல் பிறந்து 2021-இல் நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ் மாதிரியான கம்பெனிகளும் இதே ரகம். இங்கே நுழைவது சுலபம் என்று சொல்லவில்லை. கேட்கும் கேள்வி வேறு, அவ்வளவுதான்.

'எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்'

மூன்று வருட அனுபவம் இருந்தால்தான் கூப்பிடுவார்கள் என்றால், அந்த மூன்று வருடத்தை விற்கவும் ஆள் வருவார்கள். சென்னை வேளச்சேரியிலும் பெங்களூரு மாரத்தஹள்ளியிலும் ஹைதராபாத் அமீர்பேட்டிலும் பயிற்சி நிலையங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. எல்லாமே மோசம் இல்லை, நன்றாகச் சொல்லித் தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு நடுவே, தாழ்ந்த குரலில் 'எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்' என்று சொல்லும் கன்சல்டன்சிகளும் உண்டு. பெயருக்குப் பதிவு செய்த ஒரு கம்பெனியின் ஆஃபர் லெட்டர், மாதாமாதச் சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர் எல்லாம் தருவார்கள். கூடுதல் பணம் கொடுத்தால், உங்கள் காசையே உங்கள் வங்கிக் கணக்கில் சம்பளம்போலப் போட்டுக் காட்டுவார்கள். இன்டர்வியூவில் உங்களுக்குப் பதில் வேறொருவர் பேசும் ஏற்பாடுகூட நடந்திருக்கிறது.

முன்பு இது ஓடியது. இப்போது ஓடுவது கஷ்டம். 2014-இல் வருங்கால வைப்பு நிதிக்கு யு.ஏ.என். என்ற ஒரே எண் வந்தது. எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தோம், எப்போது விட்டோம் என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ் வரிசையாக இருக்கும். பின்னணி விசாரணை செய்யும் ஏஜென்சி முதலில் கேட்பதே அந்தப் பக்கத்தைத்தான். ஒரகடத்தில் வேலை பார்த்த அதே மாதங்களில் கிண்டியில் ஜாவா எழுதியதாக ரெசுமே சொன்னால், இரண்டும் ஒரே திரையில் மோதிக்கொள்ளும். யார் சம்பளத்தில் வரி பிடித்தார்கள் என்று காட்டும் வருமானவரியின் படிவம் 26ஏ.எஸ். இன்னொரு சாட்சி. இல்லாத கம்பெனிகளின் அனுபவக் கடிதங்களைக் காட்டி உள்ளே வந்தவர்களை வெளியேற்றியதாக அக்சென்ச்சர் 2022 நவம்பரில் பகிரங்கமாக அறிவித்தது. சேர்ந்து ஒரு வருடம் கழித்து, புராஜெக்டில் நல்ல பெயர் எடுத்த பிறகும் இப்படி வெளியேற நேரலாம். அதற்கப்புறம் உண்மையான அந்த ஒரு வருடத்தைக்கூட வெளியே சொல்ல முடியாது.

இதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. பொய் பொய்தான். ஆனால் மூன்று மாதம் கற்றுக்கொண்டால் செய்துவிடக்கூடிய வேலைக்கு மூன்று வருடம் கேட்பவர்களும் அந்தச் சந்தையை உண்டாக்கியவர்களே. கன்சல்டன்சிக்காரர் கையில் ஒரு லட்சத்தைக் கொடுப்பதற்கு முன்னால், அதற்குக் குறைந்த செலவில் போகக்கூடிய வேறு வழிகள் உண்டு என்பதையாவது ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேர் வழி அடைபட்டால் பக்கவாட்டு வழி

மாறி வந்து நிலைத்தவர்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். அவர்கள் பழைய வேலையை முழுசாகத் தூக்கி எறிந்துவிட்டு வரவில்லை. அதில் ஒரு பகுதி பயன்படும் இடத்துக்கு முதலில் நகர்ந்து, அங்கிருந்து அடுத்த அடி வைத்தவர்கள்.

மெக்கானிக்கல்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இடம் வாகன மென்பொருள். இன்றைய காரில் பிரேக், இன்ஜின், ஏர்பேக், கதவுப் பூட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உண்டு. இ.சி.யு. என்பார்கள். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது கேன் என்ற இணைப்பு வழியாக; பாஷ் நிறுவனம் 1980களில் உருவாக்கியது அது. உள்ளே இருக்கும் மென்பொருள் பெரும்பாலும் சி மொழியில், ஆட்டோசார் என்ற பொதுக் கட்டமைப்புக்கு உட்பட்டு எழுதப்படுகிறது. மேட்லேப், சிமுலிங்க் என்ற மென்பொருள்களில் படமாக வரைந்து அதிலிருந்தே நிரலை உண்டாக்கும் முறையும் பரவலாக இருக்கிறது. இந்த இடத்தில், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது சக்கரத்தில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்தவருக்கு மதிப்பு உண்டு. டெஸ்டிங்கில் அது இன்னும் அதிகம்: எந்த நிலையில் பிரேக் சிக்னல் தவறாகப் போக வாய்ப்பிருக்கிறது என்று யோசிக்க, புரோகிராமிங் மட்டும் தெரிந்தவரால் அவ்வளவு சுலபத்தில் முடியாது. கோயம்புத்தூரில் பாஷின் மென்பொருள் மையம், மறைமலைநகர் பக்கம் மகேந்திரா சிட்டியில் ரெனோ-நிசான் தொழில்நுட்ப மையம் என்று இந்த வேலை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையில் 2022-இல் கார் உற்பத்தி நின்றது. அதே கம்பெனியின் தொழில்நுட்ப, வணிகச் சேவை மையமோ சென்னையில் தொடர்ந்து நடக்கிறது. ஷாப் ஃப்ளோர் வேலையை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அந்த இரண்டு செய்தியும் சேர்ந்து சொன்னது கொஞ்சநஞ்சமில்லை.

பிளாண்டிலேயே, மெஷின்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரான பி.எல்.சி. பக்கம் கை வைத்தவர்களுக்கு இன்னொரு பாதை. அதற்கு லேடர் லாஜிக் எழுதுவதும் புரோகிராமிங்தான், அதை எழுதுபவர்களே அப்படி நினைப்பதில்லை என்பது வேறு விஷயம். மெஷினிலிருந்து வரும் தகவலை ஸ்காடா என்ற கண்காணிப்புத் திரையில் காட்டி, அதை ஒரு டேட்டாபேஸில் சேர்த்து, எந்த லைன் எத்தனை நிமிடம் நின்றது என்று மேனேஜருக்கு ரிப்போர்ட் கொடுக்கும் வேலை எல்லாத் தொழிற்சாலைகளிலும் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அதை இன்னும் யாரோ ஒருவர் எக்ஸெலில் கையால் செய்துகொண்டிருக்கிறார். அந்த ஒருவர் நீங்களாக இருந்து, அதை மேக்ரோவிலோ பைத்தானிலோ மாற்றி ஓட வைத்தால், ரெசுமேயில் எழுத உண்மையான ஒரு புராஜெக்ட் கிடைக்கிறது. இன்ஸ்டிடியூட்டில் எல்லோரும் சேர்ந்து செய்யும் உணவு டெலிவரி ஆப்பைவிட இது எவ்வளவோ மேல். இன்டர்வியூ எடுப்பவர் அந்த டெலிவரி ஆப்பை ஏற்கெனவே பல தடவை பார்த்திருப்பார்.

கம்பெனியின் ஸ்டோர்ஸ், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் நிர்வகிக்கும் மென்பொருளான எஸ்.ஏ.பி. பழைய பாதை, இன்னும் நடமாட்டம் உள்ள பாதை. ஸ்டோர்ஸில் இருந்தவர் எம்.எம்., உற்பத்தித் திட்டமிடலில் இருந்தவர் பி.பி., கணக்குப் பிரிவில் இருந்தவர் ஃபைகோ என்று அவரவர் தினமும் உபயோகித்த மாட்யூலிலேயே கன்சல்டன்ட் ஆகிறார்கள். சிலர் அங்கிருந்து எஸ்.ஏ.பி.யின் புரோகிராமிங் மொழியான ஏபாப் எழுதவும் போகிறார்கள். இதில் சான்றிதழ், பயிற்சி என்ற பெயரில் பெரும் தொகை கேட்பார்கள். ஆனால் கம்பெனியில் எஸ்.ஏ.பி. நடைமுறைப்படுத்தும்போது முக்கியப் பயனாளராக உட்கார வாய்ப்புக் கிடைத்தால், அந்தப் பயிற்சி அத்தனையும் சும்மாவே கிடைத்துவிடும்.

எந்தத் துறையிலிருந்து வந்தாலும் பொருந்துகிற வழி என்றால் சப்போர்ட்டும் டெஸ்டிங்கும்தான். புரொடக்‌ஷன் சப்போர்ட்டில், அதாவது ஏற்கெனவே ஓடும் மென்பொருளில் வரும் சிக்கல்களைக் கவனிக்கும் வேலையில், எல்1 ஆள் புகார் டிக்கெட்டைப் பார்த்து அடுத்தவருக்குத் தள்ளுவார். எல்2 ஆள், மென்பொருள் தன் செயல்களைப் பதிந்து வைக்கும் லாகைப் படிப்பார், எஸ்.க்யூ.எல். எழுதி டேட்டாபேஸில் எங்கே சிக்கல் என்று தேடுவார், லினக்ஸில் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதுவார். எல்3-க்குப் போனால் நிரலையே திருத்த வேண்டும். அடுத்தவர் எழுதிய, ஆவணம் எதுவும் இல்லாத, பத்து வருடப் பழைய நிரலைப் படித்துப் பிழை கண்டுபிடிப்பதுதான் மென்பொருள் வேலையில் பெரும்பகுதி. அதைச் சப்போர்ட் கற்றுக்கொடுப்பதுபோல எந்த வகுப்பும் கற்றுக்கொடுக்காது. இரவு ஷிஃப்ட் உண்டு என்பதால் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் இந்த வேலையை விரும்புவதில்லை. ஒரகடத்தில் சி ஷிஃப்ட் பார்த்தவருக்கு அது பெரிய விஷயமா என்ன?

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. சப்போர்ட்டில் நல்ல பெயர் எடுத்துவிட்டால் மேனேஜர் விடமாட்டார். மூன்று நான்கு வருடம் அதிலேயே ஓடிவிட்டால், ரெசுமே உங்களைச் சப்போர்ட் ஆள் என்று அடையாளப்படுத்திவிடும். ஒன்றரை, இரண்டு வருடத்துக்குள் பிழைத்திருத்தம், ஆட்டோமேஷன் என்று ஏதாவது ஒன்றைத் தன் பெயரில் செய்து காட்டிக் கேட்டு வாங்க வேண்டும். மேனுவல் டெஸ்டிங்கில் நுழைபவர்களுக்கும் இதேதான். செலினியம், ஜாவா என்று ஆட்டோமேஷனுக்கு நகராதவர் அங்கேயே நின்றுவிடுகிறார்.

மெக்கானிக்கல் கதையே பேசிக்கொண்டிருக்கிறேன், மற்றவர்களும் இருக்கிறார்கள். சுயநிதிக் கல்லூரியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுக்கும் விரிவுரையாளர்கள் நிறையப் பேர் மாற நினைக்கிறார்கள். அவர்களுக்கு டேட்டா ஸ்ட்ரக்சரைக் கரும்பலகையில் நடத்தத் தெரியும், நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியை வைத்து நான்கு பேரோடு சேர்ந்து எழுதிப் பழக்கமிருக்காது. டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு என்று மூன்று நான்கு வருடத்தைக் கொடுத்துவிட்டு வருபவர்களுக்கு அந்த வருடங்களை எப்படி எழுதுவது என்பதே பெரிய கவலை. என் அபிப்பிராயம், மறைக்காமல் அப்படியே எழுதிவிடலாம். இன்டர்வியூ எடுப்பவர் வீட்டிலும் குரூப் 4 எழுதிய ஒருவர் இருப்பார். குழந்தை பிறந்து வேலையை விட்ட பெண்களுக்கென்று தனித் திட்டங்கள் சில உண்டு. ஜோஹோ பள்ளியின் 'மறுபடி' அப்படியொன்று.

என்ன படிப்பது, எதை விடுவது

மேலே சொன்ன கணக்கு தெரிந்துவிட்டால் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மொழியை ஒழுங்காக, எஸ்.க்யூ.எல்.-ஐ அதைவிட ஒழுங்காக, கிட், லினக்ஸ் அடிப்படை. இவை நான்கும் இல்லாமல் ரியாக்ட், கிளவுட், மெஷின் லேர்னிங் என்று தாவுவதில் பயனில்லை. எஸ்.க்யூ.எல். பழையது என்று அலட்சியம் செய்பவர்கள் அதிகம். சப்போர்ட், டெஸ்டிங், எஸ்.ஏ.பி., தொழிற்சாலை டேட்டா என்று நான் சொன்ன பக்கவாட்டு வழிகள் பெரும்பாலானவற்றில் அது வேண்டும்.

காசு செலவழிக்காமல் படிக்க இன்று தமிழிலேயே வழி இருக்கிறது. கணியம் அறக்கட்டளை மென்பொருள் பாடங்களைத் தமிழில் இலவசமாகத் தருகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் வளர்ந்த குவி தமிழ் வீடியோக்களில்தான் தொடங்கியது. பட்டம் வேண்டும் என்பவர்களுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. வேண்டாம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், தேர்வை மட்டும் மையத்துக்குப் போய் எழுத வேண்டும், டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளவும் முடியும். எளிது என்று நினைத்துச் சேர்ந்து கணிதத்தில் மூச்சுத் திணறியவர்கள் உண்டு. ஆனாலும் இன்ஸ்டிடியூட் சான்றிதழுக்கும் இதற்கும் ரெசுமேயில் உள்ள வித்தியாசம் பெரியது.

சம்பளம்தான் வீட்டில் சண்டை வரும் இடம். ஐந்து வருடத்தில் மாதம் முப்பதாயிரத்துக்கு வந்தவர், ஐ.டி.யில் புதியவராகச் சேர்ந்தால் கைக்கு இருபத்தைந்துக்குள்தான் வரும். ஓ.எம்.ஆர். வாடகை வேறு. இரண்டு மூன்று வருடம் கழித்துக் கம்பெனி மாறும்போதுதான் பழைய சம்பளத்தைத் தாண்டி மேலே போக முடியும். அதுவரை பைக் டியூவும் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனும் காத்திருக்காது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கிறேன் என்று இறங்குபவர்களுக்குப் பணத்தைவிட இன்னொரு நஷ்டம் இருக்கிறது. பழைய வேலையில் இருக்கும்வரை கையில் கிடைக்கும் டேட்டா, எஸ்.ஏ.பி. லாகின், பி.எல்.சி. பேனல் எல்லாம் அன்றோடு போய்விடும். பக்கவாட்டு வழி அங்கேதானே தொடங்குகிறது.

அடித்தட்டு குறுகும்போது

இவ்வளவும் பிரமிடின் அடித்தட்டு அகலமாக இருந்த காலத்துக் கணக்கு. கொரோனாவை ஒட்டி அது இன்னும் அகலமானது. 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். மட்டும் 1 லட்சம் புதியவர்களை எடுத்தது, இன்ஃபோசிஸ் 85,000 பேரை எடுத்தது. அப்போது துறை மாறியவர்கள் பலருக்கு எல்லாமே சுலபமாக நடந்தது. அவர்களுடைய வெற்றிக் கதைகள்தான் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன. அவற்றை இன்றைக்குப் படித்து ஏமாறக் கூடாது. 2023-24-இல் இன்ஃபோசிஸ் எடுத்த புதியவர்கள் 11,900 பேர். அதே ஆண்டு டி.சி.எஸ்.ஸின் மொத்த ஆள்பலம் 13,000-க்கு மேல் குறைந்தது. 2022-இல் இன்ஃபோசிஸ் ஆஃபர் லெட்டர் வாங்கிய சுமார் 2,000 பேர், சேரச் சொல்லி அழைப்பு வர 2024 வரை காத்திருந்தார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, குறைக்கப் போவதாக அறிவித்தது. அதில் பெரும்பகுதி நடுத்தட்டும் மேல்தட்டும்.

மேலைநாட்டு வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கியது ஒரு காரணம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும், அதற்குச் சற்று முன்பே நிரல் எழுதித் தரும் கிட்ஹப் கோபைலட் பரவியதும் சேர்ந்துகொண்டன. அடித்தட்டில் இருப்பவருக்குக் கொடுத்துவந்த வேலைகளைப் பாருங்கள்: சின்னப் படிவம் ஒன்று, ஏற்கெனவே உள்ளதை ஒட்டி இன்னொரு ரிப்போர்ட், டெஸ்ட் கேஸ் எழுதுவது. இந்தக் கருவிகள் ஓரளவு நன்றாகச் செய்வது சரியாக இவற்றைத்தான். பத்துப் புதியவர்கள் செய்ததை நான்கு பேர் செய்தால் போதும் என்று வாடிக்கையாளர் விலை பேச ஆரம்பித்துவிட்டார். தலைக்கு இவ்வளவு என்று பில் போட்ட முறையே இதனால் ஆட்டம் காண்கிறது.

துறை மாறுபவருக்கு இது முழுக்கக் கெட்ட செய்தியா என்று கேட்டால், அப்படிச் சொல்ல எனக்குத் தயக்கம். கருவி எழுதித் தந்த நிரல் சரியா என்று சொல்ல, அந்த நிரல் ஓடப்போகும் இடம் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டாக் கணக்கில் ரிஜெக்‌ஷனும் ரீவொர்க்கும் எப்படித் தனித்தனியாக நிற்கும் என்று ஸ்டோர்ஸில் இருந்தவருக்குத் தெரியும், சாட்ஜிபிடிக்குச் சொன்னால்தான் தெரியும். அந்த அளவில் பழைய அனுபவத்துக்கு முன்பு இல்லாத விலை கிடைக்கலாம். கிடைக்கும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

அதிகம் இழப்பது 22 வயது மெக்கானிக்கல், சிவில் மாணவர்தான். மைசூருவுக்கு அழைத்துப் போய்ச் சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொடுத்த ஏற்பாடு அவருக்காக இருந்தது. எடுக்கும் ஆட்கள் குறைந்தால் முதலில் விலக்கப்படுவது 'எந்தப் பிரிவானாலும் வரலாம்' என்ற சலுகையே. கல்லூரிகளும் அதற்கு ஏற்பாடு செய்துவிட்டன. ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. 2024-25-இல், நல்ல தகுதி பெற்ற கல்லூரிகளுக்குத் தளர்த்தியது. கம்ப்யூட்டர் சயின்ஸும் அதன் வால் பிடித்த ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் பிரிவுகளும் வகுப்புக்கு வகுப்பு பெருகுகின்றன. மெக்கானிக்கல், சிவில் இடங்களைக் கல்லூரிகளே குறைத்துக்கொண்டு வருகின்றன. இனி கேம்பஸுக்கு வரும் கம்பெனி மெக்கானிக்கல் வகுப்புப் பக்கம் திரும்ப வேண்டிய தேவையே இருக்காது. அந்த வகுப்பிலிருந்து வெளியே வருபவர், ஒரகடத்து நண்பர் 28 வயதில் போட்ட கணக்கை 22 வயதிலேயே போட வேண்டியிருக்கும், அந்த நண்பரிடம் இருக்கும் ஐந்து வருட ஷாப் ஃப்ளோர் அனுபவம்கூடக் கையில் இல்லாமல்.